எங்கண்ணே தூங்கிட்டுத்தான் இருந்துச்சு

வருமானச் சான்று மேல இருக்கா தாயி? அதை மொதல்ல வையி. ஆதாரை மேல வச்சீன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற பிள்ளைக புரட்டிப் பாத்துட்டு, சான்று எங்கன்னு எரிஞ்சு விழுகுங்க. நான் ஒண்ணும் எட்டிப் பாக்கலை. மடியில கவரை வச்சு ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, பாத்தவுடனே தெரிஞ்சுருச்சு, காப்பீட்டுக் கார்டுக்குத்தான் போறேன்னு. யாருக்கு, அப்பாவுக்கா? நுரையீரலா. ம். அவுக எங்க? அந்தா, முன்சீட்டுல தோள்ல துண்டு போட்டு உக்காந்திருக்கவுகளா? சரி சரி, உக்காந்திருக்கட்டும். ஆளு கூட வரணும். ஆளு இல்லாம போட்டோ எடுக்க மாட்டாக.

எனக்கு எப்படித் தெரியும்னா? எல்லாம் தெரியும். எந்த ஆபீஸு, எந்த ஜன்னலு, யாரு எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவாகங்கிறது வரைக்கும் தெரியும். கார்டு மட்டும் வாங்குனதில்ல. அது வேற கதை.

எங்கண்ணனுக்குத்தான் அலைஞ்சேன். சங்கையான்னு பேரு. கூடப் பொறந்தது நாங்க ரெண்டு பேருதான். நடக்கப் பழகுற வயசுல ஒரு காய்ச்சல் வந்து எங்கண்ணனுக்கு ஒரு காலு சூம்பிப் போச்சு. மூணு சக்கர வண்டியிலதான் போகும் வரும். அப்பல்லாம் கால் வராதவுகளுக்கு எஸ்.டி.டி. பூத் குடுத்தாகள்ல, எங்கண்ணனுக்கும் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு கெடச்சுச்சு. நம்பரைப் போட்டுக் குடுத்துட்டு, பேசுறவுக அழுதாகன்னா அங்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கிரும். அந்த பூத்தை வச்சுத்தான் என்னை வளத்துச்சு. அதை வச்சுத்தான் கட்டிக் குடுத்துச்சு. தனக்குன்னு ஒரு கல்யாணம் காட்சி பண்ணிக்கிரலை. அப்புறம் ஆளாளுக்கு செல்லு வந்துச்சு, பூத்து போச்சு, எங்கண்ணே எங்க வீட்டுக்கு வந்துருச்சு. எங்க வீட்டுக்காரவுக ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவுகளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. வந்தாச் சாப்பிடுவாக, படுத்துருவாக.

எங்கண்ணனுக்கு இருமல். சும்மா இருமல் இல்ல தாயி. அஞ்சு நிமிசம் சேந்தாப்ல இருமாம இருந்து நான் பாத்ததில்ல. படுத்தா மூச்சு முட்டும், அதனால சொவத்துல சாஞ்சு உக்காந்தேதான் தூங்கும். மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். நெஞ்சுல ஒரு வால்வு கெட்டுப் போச்சு, மாத்தணும்னாக. அந்த டாக்டரு நல்ல பிள்ளை. "கார்டு எடுத்துட்டு வாங்கம்மா, கார்டுலயே பண்ணிரலாம், நாளைத் தள்ளாதீங்க"ன்னாரு. கார்டு இல்லாட்டின்னு நான் கேட்டேன். கார்டு எடுத்துட்டு வாங்கம்மான்னே மறுபடியும் சொன்னாரு.

அம்புட்டுத்தான். கார்டு வேணும்னா வருமானச் சான்று வேணும். இ-சேவையில எழுதிப் போட்டாச்சு. வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து ஆளையும் வீட்டையும் பாத்துட்டு எழுதணும், அவரு எழுதுனாத்தான் சான்று வரும். வருவாரு வருவாருன்னு இருந்தோம். அப்ப இருந்த வி.ஏ.ஓ.வுக்கு மாத்தல் வந்து, புதுசா ஒருத்தரு வந்திருந்தாரு. அவரு மொகம் ஊருல யாருக்கும் தெரியாது.

இதுக்கு நடுவுல எம்மக சுகப்பிரியாவுக்கு ஒரு எடம் வந்துச்சு. அருப்புக்கோட்டை. பையன் பேங்க்ல வேலை. என் மாதிரி ஆளுக்கெல்லாம் அப்படி ஒரு எடம் வருமா? தரகர் பால்சாமி வந்து சொல்றாரு, "மாரிக்கனி, அவுக பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆளை விட்டு நோட்டம் பாப்பாக. யாருன்னு சொல்லிக்கிர மாட்டாக. பேன்ட்டு சட்டை போட்டு நடுவயசுல ஒருத்தர் வருவாரு, அக்கம்பக்கத்துல ரெண்டு வீட்டுல கேப்பாரு, அப்புறம் தண்ணி குடிக்கிற மாதிரி ஒங்க வீட்டுக்குள்ள வருவாரு. சூதானமா இருந்துக்க." எங்க பக்கம் அப்படித்தான் தாயி. ஒங்க பக்கமும் உண்டா? எல்லாப் பக்கமும் உண்டு.

நான் என்ன செஞ்சேன், தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சுட்டேன். யாரு வந்து கேட்டாலும் வீடு சொந்த வீடுன்னு சொல்லுங்க, வாடகைன்னு சொல்லிராதீக. எங்க வீட்டுக்காரவுக தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசருன்னு சொல்லுங்க. எங்கண்ணனைப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராதீக. எல்லாம் நல்ல சனம், சரின்னுருச்சுக. எதுத்த வீட்டு லீலாவதி அவ வீட்டு சோபாவைத் தூக்கிட்டு வந்து போட்டா. அவ புருசன் புல்லட்டை எங்க வாசல்ல நிப்பாட்டுனாரு. எங்கண்ணனோட மூணு சக்கர வண்டியை அவுக மாட்டுக் கொட்டாய்ல விட்டு, மேல தார்ப்பாயைப் போட்டு மூடிட்டோம்.

தப்பா நெனைக்காத. நோயாளி இருக்க வீடுன்னா என்ன பேசுவாக? கால் சூம்புனது இந்த வம்சத்துல வரும், பொறக்குற பிள்ளைக்கும் வரும்னு பேசுவாக. என் மக வாழ்க்கையில்ல?

அந்தாளு வந்த அன்னைக்குக் காலையில எங்கண்ணே மொகச்சவரம் பண்ணி, வெள்ளச் சட்டை போட்டு, வாசல்ல சேர் போட்டு உக்காந்திருச்சு. மடியில மஞ்சப்பை. ஒன்னைய மாதிரித்தான், ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு. எதுக்குக் கெளம்பி உக்காந்திருக்குன்னு நான் கேக்கலை. நல்ல நாளு, நோட்டம் பாக்குற ஆளு வந்துருவாருன்னு அடுப்புல கேசரி கெடக்கு, எனக்கு நேரம் எங்க இருந்துச்சு? "மாரி, இன்னைக்கு..."ன்னு என்னமோ ஆரம்பிச்சுச்சு. "அண்ணே, கொஞ்ச நேரம் பின்னாடி ரூம்புல இருண்ணே"ன்னேன். என் மொகத்தைப் பாத்துச்சு. அப்புறம் பையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, சொவத்தைப் புடிச்சுப் புடிச்சு உள்ள போயிருச்சு. நான் வெளியில கொண்டியை மாட்டுனேன். காத்துக்கு அந்தக் கதவு படார் படார்னு அடிக்கும் தாயி, அதுக்குத்தான்.

சொன்ன மாதிரியே வந்தாரு. பேன்ட்டு சட்டை, நடுவயசு, தோள்ல ஒரு பை. லீலாவதி வீட்டுல கேட்டாரு, அடுத்த வீட்டுல கேட்டாரு, அப்புறம் எங்க வாசலுக்கு வந்தாரு. "அம்மா, நான் வந்து..."ன்னாரு. நான் விடுவனா? "தெரியும் தெரியும், வாங்க, நீங்க எங்க இருந்து வர்றீகன்னு சொல்லவே வேணாம், எல்லாம் தெரியும், உக்காருங்க"ன்னு சோபாவுல உக்கார வச்சுட்டேன். அவரும் சிரிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. கேசரி வச்சேன், வடை வச்சேன். நல்லாச் சாப்பிட்டாரு மனுசன்.

வீடு யாருதுன்னாரு. எங்களுதுன்னேன். வண்டியான்னாரு. எங்களுதுதான்னேன். வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னாரு. மேப்பார்வை, கைக்கு நல்லா வருதுன்னேன். வீட்டுல எத்தனை பேருன்னாரு. மூணு பேரு, நான், அவுக, எம்மக சுகான்னேன். வேற யாரும் இல்லையான்னாரு. இல்லைன்னேன். "சங்கையான்னு ஒருத்தர் இருக்கணுமே"ன்னாரு.

எந்தப் பாவி சொன்னதுன்னு தெரியலையே! சமாளிக்கணும்ல? "எங்கண்ணனா? அவரு திருப்பூருல இருக்காரு. சொந்தமா பனியன் கம்பெனி வச்சிருக்காரு. ஆளு நல்லா ஓங்குதாங்கா இருப்பாரு, இந்தப் பக்கமெல்லாம் வர அவருக்கு எங்க நேரம்"னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. பையில இருந்து ஒரு பேப்பரை எடுத்து என்னமோ எழுதுனாரு. மாப்பிள்ளை வீட்டுல போயிச் சொல்றதுக்கு எழுதுறாருன்னு எனக்கு ஒரே சந்தோசம். இன்னுங் கொஞ்சம் கேசரி வச்சேன்.

முக்கா மணி நேரம் இருந்திருப்பாரு. அந்த முக்கா மணி நேரமும் உள்ள இருந்து ஒரு இருமல் வரலை தாயி. ஒண்ணே ஒண்ணுகூட இல்ல. கடவுளாப் பாத்துத் தூங்க வச்சுட்டாருன்னு நெனச்சேன். அவரு போனப்புறம் கொண்டியை எடுத்துப் பாக்குறேன், எங்கண்ணே சொவத்துல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டு இருக்கு. சட்டை பூராத் தொப்பலா வேர்வை. மூச்சு மேலயும் கீழயும் வாங்குது. மடியில பை, பையி மேல துண்டு. அசந்து தூங்குதுன்னு நான் எழுப்பலை. கதவை லேசாச் சாத்திட்டு வந்துட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு எங்கண்ணே போனுக்கு மெசேஜ் வந்துச்சு, மனு தள்ளுபடின்னு. ஏன்னு கேப்போம்னு நான் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். உள்ள போறேன், மேசைக்கு அந்தப் பக்கம் யாரு உக்காந்திருக்காங்கிற? கேசரி சாப்பிட்ட மனுசன்.

எனக்கு ஒண்ணும் ஓடலை. அவரு எந்திரிச்சு, "வாங்கம்மா, என்ன விசயம்?"னு நல்லாத்தான் கேட்டாரு. "சங்கையா மனு..."ன்னேன். "நீங்கதானம்மா சொன்னீங்க, திருப்பூர்ல கம்பெனி வச்சிருக்காருன்னு. தெருவுலயும் அப்படி யாரும் இங்க இல்லைன்னுதான் சொன்னாங்க. நான் வேற எப்படி எழுத முடியும்? தப்பா இருந்தாச் சொல்லுங்க, இன்னொரு மனுப் போடுங்க, நானே வந்து பாக்குறேன். அவரைக் கண்ணுல காட்டுனாப் போதும்"னாரு.

கண்ணுல காட்டுனாப் போதும். அம்புட்டுத்தான் கேட்டாரு.

அன்னைக்குன்னு பாத்து ஊர்ச்சனம் பூரா அந்த ஆபீஸ்ல நிக்கிது. பட்டாவுக்கு ஒருத்தரு, சாதிச் சான்றுக்கு ஒருத்தரு. அதுல ஒருத்தி அருப்புக்கோட்டையில வாக்கப்பட்டவ, எம் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறா. கோயில்ல வச்சுப் பொண்ணு பாத்து முடிச்சு, பரிசம் போடுறதுக்கு ரெண்டு நாளுதான் இருக்கு. நான் என்ன சொல்லணும்ங்கிற? பொய் சொன்னேன் சார், எங்கண்ணனைப் பின்னாடி வெறகு ரூம்புல போட்டுக் கொண்டி மாட்டி வச்சிருந்தேன்னு சொல்லவா? "ஆமா சார், திருப்பூருலதான் இருக்காரு. மனுவைத் தெரியாமப் போட்டுட்டோம்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து எங்கண்ணங்கிட்ட, என்னமோ கோளாறாம், மறுபடி போடணுமாம்னு மட்டும் சொன்னேன். எங்கண்ணே என்ன சொல்லுச்சு தெரியுமா? "இப்பப் போட வேணாம் மாரி. சுகா கல்யாணம் முடியட்டும்"னுச்சு. நான் சொல்லலை தாயி. அதுவாத்தான் சொல்லுச்சு. என் வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வரலை. நீ வேணும்னா எங்க வீட்டுக்காரவுககிட்டக் கேட்டுப் பாரு.

தையில கல்யாணம். மண்டபத்துக்கு எங்கண்ணே வரலை. படி ஏற முடியாதுல்ல. சாப்பாட்டைத் தூக்குவாளியில போட்டுக் குடுத்து விட்டேன், பாயாசத்தோட. பந்தி முடிஞ்சு சம்பந்தியம்மா எங்கிட்ட வந்து, "ஒங்க அண்ணே எங்க?"ன்னாக. எனக்கு அந்தத் திருப்பூருதான் வாயில வருது. "திருப்பூருல..."ன்னேன். "திருப்பூருலயா? அவரு எப்பத் திருப்பூரு போனாரு?"ன்னுட்டு அவுக சொல்றாக.

அவுகளுக்குப் பொறந்த ஊரு எங்க ஊருக்குப் பக்கந்தானாம். அவுக வீட்டுக்காரரு சவூதியில இருந்தப்ப எங்கண்ணே பூத்துலதான் வந்து பேசுவாகளாம். கைப்பிள்ளையோட மழையில நிப்பாகளாம், எங்கண்ணே தன் சேரைக் குடுத்துட்டுத் தான் தரையில உக்காந்துக்கிருமாம். அந்தக் கைப்பிள்ளைதான் இந்த மாப்பிள்ளை. "அந்த அண்ணனைத் தங்கச்சி தன் வீட்டுல வச்சுப் பாக்குறான்னு கேள்விப்பட்டேன். அதுக்குத்தான் அந்த வீட்டுல பொண்ணு எடுக்கணும்னு நின்னேன். அவரு கால்ல விழுந்துட்டுத்தான் ஊருக்குக் கெளம்பணும்னு எம்மகன்கிட்டச் சொல்லிக்கூட வச்சிருந்தேன்"னாக. நோட்டம் பாக்க யாரையாச்சும் விட்டீகளா மதினின்னு கேட்டேன். "நாங்க எதுக்கு விடப் போறோம், தெரிஞ்ச வீடுதான"ன்னுட்டாக.

பாயாசம் இன்னுங் கொஞ்சம் வைக்கச் சொல்லவா மதினின்னு கேட்டேன்.

அப்புறம் மனுப் போட்டேன். போடாம இருப்பனா? அதே வி.ஏ.ஓ. வந்தாரு. இந்தத் தடவை சோபா இல்ல, புல்லட் இல்ல. மூணு சக்கர வண்டி வாசல்லயே நிக்கிது. எங்கண்ணே அதே வெள்ளச் சட்டையைப் போட்டுக்கிட்டு, அதே பையோட சேர்ல உக்காந்திருக்கு. சட்டை தொளதொளன்னு தொங்குது. ஒரே இருமல், ரெண்டு வார்த்தை சேந்து பேச முடியலை. அவரு எங்கண்ணனைப் பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. வாயத் தொறந்து என்னமோ கேக்க வந்தாரு. அதுக்குள்ள எங்கண்ணே மூச்சை இழுத்துப் புடிச்சு, "திருப்பூருல இருந்து நேத்துத்தான் சார் வந்தேன். கம்பெனியெல்லாம் நொடிச்சுப் போச்சு"ன்னு சொல்லிச் சிரிக்குது.

எங்கண்ணனுக்குத் திருப்பூரு எப்படித் தெரியும்னு கேக்குறியா? நான் சொல்லலை. தெருவுல யாராச்சும் சொல்லியிருப்பாக. அந்த லீலாவதிக்கு வாயி சும்மா இருக்காது. அவதான் சொல்லியிருப்பா.

வி.ஏ.ஓ. பேனாவை எடுத்தாரு. எழுதிட்டுப் போயிட்டாரு. தண்ணி குடுத்தேன், வேணாம்னுட்டாரு. சான்று ரெடின்னு எங்கண்ணே போனுக்கு மெசேஜ் வந்துச்சு. நான் அப்ப எங்கண்ணே சட்டையெல்லாம் தொவச்சுக் காயப் போட்டுக்கிட்டிருந்தேன். காரியம் முடிஞ்ச மறுநாளு. எடுத்துப் பாத்தேன், சரின்னு வச்சுட்டேன். எனக்கு அழுகை வரலை தாயி. சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்பயும் வரலை, இன்னைக்கு வரைக்கும் வரலை. எம்மக கேக்குறா, ஏம்மா நீ இப்படி இருக்கேன்னு. எப்படி இருக்கேன்? நல்லாத்தான இருக்கேன். இந்தா, முறுக்குச் சுட்டு எடுத்துக்கிட்டு அவளைத்தான் பாக்கப் போறேன். முழுகாம இருக்கா.

மெசேஜ் வந்த அன்னைக்குத்தான் அந்தத் துண்டையும் பாத்தேன். வெறகு ரூம்பு மூலையில சுருட்டிக் கெடந்துச்சு. வி.ஏ.ஓ. மொதத் தடவை வந்த அன்னைக்கு எங்கண்ணே மடியில இருந்த துண்டு. விரிச்சுப் பாத்தா நடுவுல அப்பிடியே கடிச்சு நைஞ்சு கெடக்கு. எலி கடிச்சிருக்கும். அந்த ரூம்புல எலி ஜாஸ்தி. வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இருந்து மொத நாளே போனு பண்ணி, நாளைக்கு வர்றோம்னு எங்கண்ணங்கிட்டச் சொன்னாகளாம். எங்கிட்டச் சொல்லணும்ல? ஒரு சத்தம் குடுத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்ல? முழிச்சிருந்தா எங்கண்ணே சத்தம் குடுத்திருக்கும். சத்தம் குடுக்கலைன்னா என்ன அர்த்தம், தூங்கிட்டுத்தான் இருந்துச்சு. தூங்கிட்டுத்தான இருந்திருக்கும்? நீயே சொல்லு.

சரி விடு. கலெக்டர் ஆபீஸ் வந்துருச்சு, அந்தா போர்டு தெரியுது. எந்திரி. கவரை எங்கிட்டக் குடுத்துட்டு அப்பாவைக் கையப் புடிச்சு எறக்கு, நான் ஜன்னல் வழியா நீட்டுறேன். உள்ள போனதும் வலது பக்கம். அப்பாவை ஓரமா உக்கார வச்சுட்டு நீ மட்டும் போயி நிக்காத, கூடவே நிப்பாட்டிக்க, எல்லாரு கண்ணுலயும் படுற மாதிரி.

ஏத்தா, ஒங்கப்பா ஏன் துண்டைப் பந்தாச் சுருட்டி வாயில வச்சு அமுக்கிக்கிட்டு இருக்காரு? பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாகன்னா? பாத்தாப் பாத்துட்டுப் போறாக. எடுக்கச் சொல்லு தாயி. ஐயா, துண்டை எடுங்கய்யா. இருமுங்க. நல்லாச் சத்தமா இருமுங்கய்யா.